டேஷ்போர்டுக்குள் நெல்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. முப்பத்திரண்டு வயதில் யார் ஓய்வு பெறுகிறார்கள்? ஆனால் மகள் பிறந்த பிறகு நான் கார் சர்வீஸ் சென்டர் வேலைக்குத் திரும்பவில்லை. "நின்னுட்டேன்" என்று சொன்னால் யாரோ நிறுத்திவிட்டதுபோலத் தொனிக்கிறது. "லீவுல இருக்கேன்" என்றால் பொய். ஆகவே ஓய்வு என்றே வைத்துக்கொள்வோம்.

அதுவும் பெயருக்குத்தான். தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருக்கும் அந்த சர்வீஸ் சென்டரில் என் இடத்துக்கு வந்திருப்பவள் பிரியா. மகளுக்கு நான் சோறு ஊட்டும் நேரத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ, சரியாக அப்போதுதான் போன் செய்வாள்.

"அக்கா, டேஷ்போர்டுல இடதுபக்கப் பெட்டியத் திருப்பி மாட்டிட்டேன்க்கா. எல்லாம் அழகா உக்காந்துடுச்சு. ஆனா ஒரு ஸ்க்ரூ கையில இருக்கு."

"எந்த ஸ்க்ரூ?"

"அது தெரிஞ்சா உங்களுக்கு ஏன்க்கா போன் பண்றேன்? ஒண்ணுதானே, விட்டுடலாமா?"

இந்த 'விட்டுடலாமா'வைக் கேட்டாலே எனக்குப் படபடவென்று வரும். "விடாத. மறுபடியும் கழட்டு" என்று சொல்லி வைத்துவிடுவேன். வைத்த மறுகணம், மறுபடி கழற்றும்போது கிளிப் உடைந்தால் என்ன செய்வாள் என்று கவலை வந்துவிடும். நானே திருப்பிக் கூப்பிடுவேன். சோறு ஆறிப்போகும். மகள் அதைத் தரையில் துப்பியிருப்பாள்.

"எல்லாத்தையும் ஒரு தடவ எழுதிக் குடுத்துடுங்கக்கா. உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் திட்டு இல்ல" என்று அவள்தான் சொன்னாள். ஆகவே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டும் போன் செய்வாள் என்பது வேறு விஷயம்.

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். என்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனால், "உங்க கை சின்னக் கை, டேஷ்போர்டுக்குள்ள போகும்" என்று சொல்லி வண்டியின் உள்வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். வேலையை விடும்வரைக்கும் அந்தச் சின்னக் கையோடு பிளாஸ்டிக் பேனல்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

சுலபமான வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வீடியோக்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே இழுப்பார், பேனல் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வரும். அந்த வீடியோவில் வரும் வண்டி ஒரு நாளாவது தஞ்சாவூர் வெயிலில் நின்றிருக்கிறதா? நம் ஊரில் நாலு கோடையைப் பார்த்த பிளாஸ்டிக் பொரித்த அப்பளம் மாதிரி. தொட்டாலே பயமாக இருக்கும்.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவது. கழற்றியதும் கையை வைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. விபத்தில் விரிந்து முகத்தைத் தாங்கும் காற்றுப் பை அது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் கொஞ்ச நேரத்துக்கு உயிர் இருக்கும். அந்த நேரத்தில்தான் அவரவர் போய் டீ குடித்துவிட்டு வர வேண்டும். டீக்கு வேறு நேரத்தில் போய்விட்டு இதற்குக் காத்திராமல் இருக்கும் ஆட்களை என்ன சொல்ல!

பிறகு ஓரங்களுக்குக் காகித டேப் ஒட்டி, பக்கவாட்டு மூடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் கூடாது. நெம்புவதற்கு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராக நெம்ப வேண்டும். 'டக்' என்றால் கிளிப் விட்டுவிட்டது. 'சடக்' என்றால் அதன் கால் போய்விட்டது, உடனே யாராவது "என்ன சத்தம்?" என்பார்கள். ஸ்க்ரூக்களை அம்மா வீட்டில் ஒதுக்கிய இட்லித் தட்டில் குழி குழியாகப் போட்டு வைப்பேன், கழற்றிய வரிசையில். குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய துளையில் நீள ஸ்க்ரூவைப் போட்டால் அது மறுபக்கம் பேனலைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். பிரியாவுக்கு இட்லித் தட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அதில் அவள் முறுக்கு வைத்துச் சாப்பிடுவதாகக் கேள்வி.

எங்கள் சூப்பர்வைசர் சேகர் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் யாரையும் 'வா, போ' என்று பேச மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக இருந்தால், "கழட்டும்மா." எரிச்சலில் இருந்தால், "கழட்டுங்கம்மா." தலைக்கு ஏறிவிட்டால், "கொஞ்சம் சிரமம் பாக்காம கழட்டிடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." வேலை முடிந்த வண்டிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி டேஷ்போர்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். எங்கேயாவது சத்தம் மாறினால் இறங்கி வந்து, "மறுபடி" என்பார். எங்கே மாறியது என்று சொல்ல மாட்டார். கேட்டால் இன்னும் மரியாதையாகப் பேசுவார். எதற்கு வம்பு?

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு வண்டி வந்தபோது எனக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. அப்போது என் மகள் வயிற்றில் இருந்தாள். கவுண்டரில் உட்காரச் சொன்னார் சேகர் சார். நான்தான் கேட்கவில்லை. இங்கே கை வைக்காமல் அங்கே போய் உட்கார்ந்தால், பிறகு திரும்பக் கூப்பிடுவார்களா என்ற சந்தேகம். குனிந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். டாக்டர் ஒன்றும் ஆகாது என்று சொல்லியும், சரியாகக் கேட்டோமா என்று இரண்டாம் முறையும் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

வண்டிக்காரர் நடராஜன், சொந்த நிலத்தோடு குத்தகைக்கும் எடுத்து நெல் போடுகிறவர். கூடவே அவர் மனைவி சரோஜா அம்மாள். ஒரே புகாரோடு மூன்றாவது முறையாக வந்திருந்தார்கள்.

"வளைவுல திரும்புறப்பல்லாம் உள்ள சலசலங்குதுங்க. மொறத்துல போட்டுப் பொடைக்கிற மாதிரி" என்றார் நடராஜன்.

முதல் இரண்டு முறையும் யாரோ இடுக்குகளில் பஞ்சு அடைத்து அனுப்பியிருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில வேதாரண்யம் போவணும்மா" என்றார் சரோஜா அம்மாள். "எம்பொண்ணு கயலுக்கு வளைகாப்பு. போட்டு முடிச்ச கையோட பிரசவத்துக்கு அழைச்சிட்டு வரோம். இந்தச் சத்தத்தோட அவ்வளவு தூரம் வந்தா அவளுக்குத் தலைவலியே வந்துடும். முன்சீட்டுலதான் உக்காருவா. பின்னாடி உக்காந்தா அவளுக்குக் கொமட்டும்."

வண்டிக்குள் பார்த்தேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தொங்கும் ஒரு எலுமிச்சம்பழம், அதன் பக்கத்தில் அந்தப் போகத்தில் முதலில் அறுத்த நெற்கதிர் ஒரு கொத்து. இடதுபக்க டேஷ்போர்டின் மேல், உள்ளங்கை அகலத்துக்குக் கனத்த பித்தளைப் பிள்ளையார். எங்கே ஒட்டியிருந்தார்கள் தெரியுமா? ஏர்பேக் என்று எழுதியிருக்குமே, சரியாக அந்த எழுத்தின் மேல். சமதளமாக இருக்கும் இடம் அதுதான் என்று எல்லோருமே அங்கேதான் ஒட்டுகிறார்கள். எழுதியிருப்பதை மறைத்துவிட்டால் உள்ளே இருப்பதும் மறைந்துவிடும் என்று நினைப்பார்களோ என்னவோ.

பிள்ளையாரோடு மேல்பேனலைத் தூக்க முடியாது, முன்கண்ணாடியில் இடிக்கும். எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"செருப்பக் கழட்டிட்டு எடும்மா" என்றார் சரோஜா அம்மாள். "தரையில வெச்சிடாத."

செருப்பைக் கழற்றினேன். முடி உலர்த்தும் மெஷினால் பசையைச் சூடாக்கி, பிள்ளையாருக்கும் பேனலுக்கும் நடுவே தூண்டில் நரம்பை விட்டு, ரம்பம் மாதிரி இழுத்து இழுத்து அறுத்தேன். இதற்கே முதுகு விட்டுப்போயிற்று. வேறு இடம் இல்லாததால் பிள்ளையாரை சேகர் சாரின் மேஜையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், புது மஞ்சள் துணியை விரித்து வைத்தேன். அன்றைக்கு அவர் மேஜைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் சண்டை போட்டார்கள்.

பிறகு நான் சொன்ன வரிசைதான். பேட்டரி, காத்திருப்பு, பக்க மூடிகள், முன்கண்ணாடியோரத் தூண் மூடிகள், இடதுபக்கப் பெட்டி. பெட்டியைக் கழற்ற வண்டித் தரையில் மல்லாந்து, தலையை உள்ளேயும் கால்களை வெளியேயுமாக நீட்டிக்கொண்டு படுக்க வேண்டும். வயிறு மேலே மலைபோல நிற்க, அதற்கு மேலாகக் கையை நீட்டி ஸ்க்ரூவைத் தேடினேன். ஏர்பேக்கின் மஞ்சள் ஒயர் இணைப்பைக் கழற்றினேன். மேல்பேனலை நானும் இன்னொருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கினோம்.

முன்கண்ணாடிக்குக் காற்று போகும் குழாய்க்குள் டார்ச் அடித்தேன். நெல்.

கொஞ்சமல்ல, இரண்டு கை நிறைய வரும். ஒவ்வொரு போகத்துக்கும் மாட்டிய கதிரிலிருந்து மணிகள் உதிர்ந்து, கண்ணாடியோரத்துக் காற்றுத் துவாரம் வழியாக உள்ளே விழுந்திருக்கின்றன. வளைவுகளில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியிருக்கின்றன. அடியில், ஏசியின் ஈரம் படும் மூலையில் கிடந்தவை வெளுத்த பச்சையாக முளைவிட்டு, வேரோடு ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருந்தன. அதற்குள் முகத்தை நீட்டினால் நாற்றங்கால் வாசனை. கார் கம்பெனி இன்ஜினியர்கள் யாராவது இதை எதிர்பார்த்திருப்பார்களா?

கோபமாகத்தான் கூப்பிட்டேன். "பாருங்கம்மா, உள்ள நெல்லு முளைச்சிருக்கு."

அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன்.

"மொளைச்சிருக்கா!" சரோஜா அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏங்க, இங்க வாங்க, மொளைச்சிருக்காம்! பொண்ண அழைக்கப் போற நேரத்துல பாருங்க!"

நடராஜன் எட்டிப் பார்த்தார். "நம்ம ஒட்டடையான் நெல்லா இது? நல்லாத்தான் வந்திருக்கு" என்றார், வயலில் நிற்பவர் மாதிரி.

முளையை நான் குப்பையில் போடக் கூடாதாம். சேகர் சாரைப் பார்த்தேன். "ஒரு கவர்ல போட்டுக் குடுத்துடுங்கம்மா" என்றார். வேரோடு பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். குழாயைச் சுத்தம் செய்து, கடைசி மணிவரை உறிஞ்சி எடுத்து, எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். மஞ்சள் இணைப்பு, பேனல், கிளிப், இட்லித் தட்டின் கடைசிக் குழிவரை. சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணைந்தது. எனக்கு நம்பிக்கையில்லை, மறுபடி திருப்பினேன். அணைந்தது. சேகர் சார் தேங்காய் தட்டினார். ஒன்றும் சொல்லாமல் இறங்கினார்.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால், சரோஜா அம்மாள் பிள்ளையாரைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

"ஒட்டிக் குடுத்துடும்மா."

"அந்த எடத்துல வேணாம்மா. நடுவுல ஒட்டித் தர்றேன்."

"நடுவுலயா? குருக்கள் பூசை போட்டு வெச்ச எடம்மா அது. புள்ளப்பேறு நேரத்துல சாமிய எடம் மாத்துவாங்களா?"

நான் விளக்கினேன். வண்டி எதிலாவது மோதினால் அந்த மூடியைப் பிய்த்துக்கொண்டு பை வெளியே வரும், கண் இமைப்பதற்குள் வரும், மேலே எது இருந்தாலும் அதை எதிரில் உட்கார்ந்திருப்பவர் மேல் வீசிவிடும் என்றேன்.

"பிள்ளையாரா அடிப்பாரு?" என்றார் நடராஜன்.

"எது இருந்தாலும் அடிக்கும் சார். உங்க பொண்ணுதான் அந்த சீட்டுல உக்காரப் போறாங்க."

"மோதினாத்தானே? மோதாம இருக்கத்தானேம்மா அவரையே அங்க வெச்சிருக்கோம்."

எந்தப் பாலிடெக்னிக்கில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

சேகர் சார் வந்தார். கேட்டுக்கொண்டார். "கஸ்டமர் பிரியப்படறாங்க. கொஞ்சம் சிரமம் பாக்காம ஒட்டிடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஒட்ட மாட்டேன் சார்."

அவரிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை. இதை மெக்கானிக்காகச் சொல்கிறேனா, வயிற்றுப் பிள்ளைக்காரியாகச் சொல்கிறேனா என்று அந்த நிமிடத்திலும் குழப்பம். அவர்கள் வண்டி, அவர்கள் சாமி, அவர்கள் பெண். நான் யார்?

பேச்சுவாக்கில் என் கை வயிற்றின் மேல் போயிருக்க வேண்டும். தொளதொள யூனிபார்மில் அதுவரை தெரியவில்லை போலிருக்கிறது. சரோஜா அம்மாள் உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு எத்தினி மாசம்?"

"ஆறு முடிஞ்சிடுச்சும்மா."

"ஆறு முடிஞ்ச புள்ளத்தாச்சியா உள்ள தலைய விட்டுக்கிட்டு மல்லாந்து கெடந்த?" சட்டென்று சேகர் சார் பக்கம் திரும்பினார். "ஏங்க, உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் படுக்க வெப்பீங்களா?"

"அம்மா, நாங்க வேற வேலை குடுத்தோம், அவங்கதான்..."

"அவ சொல்லுவா. நீங்க கேப்பீங்களா?"

சேகர் சாரை நிற்க வைத்து ஒருவர் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. பேச்சு பிள்ளையாரை விட்டுவிட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, என்னைய விடுங்க. உங்க பொண்ணப் பாருங்க" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "இது உன் வண்டின்னு வெச்சுக்க. இந்த வயித்தோட நீ அந்த சீட்டுல உக்காருவியா?"

"சாமி அங்க இருந்தா உக்கார மாட்டேம்மா."

சரோஜா அம்மாள் கையிலிருந்த பிள்ளையாரை ஒரு தரம் பார்த்தார், காலியாக இருந்த அந்த சீட்டை ஒரு தரம் பார்த்தார்.

"சரி" என்றார். "அவரு அங்கயே இருக்கட்டும். கயலு பின்னாடி உக்காரட்டும்."

"அவளுக்குக் கொமட்டுமே" என்றார் நடராஜன்.

"கொமட்டினா கொமட்டட்டும். எலுமிச்சம்பழம் தொங்குதுல்ல, மோந்துகிட்டே வரட்டும். நானும் பின்னாடிதான்."

"அப்ப முன்சீட்டுல?"

"யாரும் இல்ல. அது அவரு சீட்டு."

நான் ஒட்டிக் கொடுத்தேன். அதே எழுத்தின் மேல். வேறென்ன செய்வது? கதிரையாவது ஒரு வலைப்பையில் போட்டு மாட்டுங்கள், உதிராது என்றேன். தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் தெரியும், செய்ய மாட்டார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே ஆரம்பித்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் நின்று சொல்வது சுலபம். திருத்துறைப்பூண்டி தாண்டுவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் குமட்டல் வரும். மன்னார்குடிக்குள் தலை சுற்றும். "முன்னாடி வந்து உக்காந்துக்கம்மா" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். நான் ஏன் ஒட்டினேன்? ஒட்டாமல் கையில் கொடுத்திருந்தால் அவர்களே வேறெங்காவது ஒட்டியிருப்பார்கள். இல்லை, அதே இடத்தில் அவர்களே ஒட்டிவிட்டு, பெண்ணை முன்சீட்டிலேயே உட்கார வைத்திருப்பார்களோ? மஞ்சள் இணைப்பையாவது சரியாக அழுத்தினேனா? சேகர் சாருக்கு போன் செய்தேன். "விளக்கு அணைஞ்சுதும்மா. நீங்களே பாத்தீங்க, நானும் பாத்தேன்" என்றார். பிறகு, "வயித்தப் பாத்துக்கம்மா" என்றார். இரண்டாவதில் மரியாதை குறைவு என்பதைக் கவனித்தேன்.

அந்த வண்டி மறுபடி நான் இருந்தவரை வரவில்லை. எனக்குக் குழந்தை பிறந்தது, வேலை நின்றது. மகளோடு எங்கள் வண்டியில் ஏறும்போதெல்லாம் முகம் தெரியாத அந்தக் கயல் எந்த சீட்டில் உட்கார்ந்து வந்தாள் என்று ஒரு கணமாவது நினைக்காமல் இருந்ததில்லை. போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டு, வேறு விதமாகப் பதில் வந்துவிட்டால்?

இவ்வளவும் எழுதிக்கொண்டிருந்தபோது, நேற்று மகளுக்குச் சோறு ஊட்டும் நேரத்தில், வழக்கம்போல் பிரியா.

"அக்கா, திருக்காட்டுப்பள்ளியிலேருந்து ஒரு வெள்ளை வண்டி. டேஷ்போர்டுக்குள்ள சலசலன்னு என்னமோ ஓடுது. மேல பெரிய பித்தளைப் பிள்ளையாரு."

"கண்ணாடில கதிரு தொங்குதா?"

"தொங்குதுக்கா! எப்படிக்கா தெரியும்?"

"வலைப்பைக்குள்ள இருக்கா?"

"இல்லக்கா, சும்மாதான் தொங்குது."

சொன்னேனே. வாயில் வந்ததை மகள் முன்னால் சொல்ல வேண்டாம் என்று அடக்கிக்கொண்டு, குழாயில் நெல் இருக்கும், முளைத்திருந்தால் தூக்கிப் போடாதே, கவரில் போட்டுக் கொடு என்றேன். பிறகு கேட்டேன். "முன்சீட்டப் பாரு."

"வண்டியில யாரும் இல்லக்கா."

"அது தெரியும்டி. சீட்டு எப்படி இருக்குன்னு பாரு."

கதவு திறக்கும் சத்தம். "பின்சீட்டு பூரா பிஸ்கட்டுத் தூளுக்கா. பால் கறை வேற. ஒரு கிலுகிலுப்ப கெடக்கு, குட்டிச் செருப்பு ஒண்ணு. முன்சீட்டு..." அவள் நிறுத்தினாள். "முன்சீட்டு புதுசு மாதிரியே இருக்குக்கா. புதுசா போட்ட சீட் கவரோட பாலிதீனக் கூடப் பிரிக்கல. ஒரு பூக்கூடைதான் இருக்கு. அதுக்கு சீட்பெல்ட்டு போட்டு வெச்சிருக்காங்க."

மகள் என் கையிலிருந்த உருண்டையைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? பிள்ளையார எடுத்துட்டு எங்கக்கா ஒட்டுறது?"

"இருந்த எடத்துலயே ஒட்டு."

வைத்துவிட்டேன். இனி அந்த வண்டியைப் பற்றி நினைக்க ஒன்றும் இல்லை என்று தட்டைக் கழுவப் போனேன். பாதியில் ஈரக் கையோடு திரும்பி வந்து அவளைக் கூப்பிட்டேன்.

"பிரியா, அந்தப் பின்சீட்டுல, புள்ளைக்குன்னு தனியா சீட்டு எதாவது மாட்டியிருக்காங்களா? இல்ல மடியிலதான் வெச்சிக்கிட்டுப் போறாங்களா?"

"அக்கா," என்றாள் பிரியா, பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கக்கா."

"பாத்துச் சொல்லு" என்றேன்.